குலசேகரத்தில் இரட்டை விசில்

கோலாலம்பூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணம் கேட்டு மனுப் போடுபவர் சொல்வது உண்மையா பொய்யா என்று போய்ப் பார்த்து வருவதுதான் வேலை. இடுப்பு ஒடிந்துவிட்டது என்றவர் பூப்பந்து ஆடுவதை மரத்தடியில் நின்று படம் பிடித்திருக்கிறேன். நடுக்கம், நடக்கவே முடியாது என்று மருத்துவச் சான்று கொடுத்தவர் ஏணியில் ஏறி ரம்புத்தான் பறித்ததையும் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் என்னை விட்டுப் போகவில்லை. காய்கறிக்காரரின் தராசை நான் பார்க்கிற பார்வைக்கு என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த முறை குமரி மாவட்டத்துக்கு வந்தது ஒரே காரியத்துக்காக. மகளுக்குக் கல்யாணம். என் அக்கா கிரேஸை அழைத்துப் போய் ஒரு மாதம் எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அவள் இல்லாமல் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க எனக்கு மனசில்லை. போனில் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. "அத்தான விட்டுட்டு நான் எப்பிடிலே வருவேன்?"

அத்தான் ஞானதாஸ் அரசு பஸ் கண்டக்டராக இருந்தவர். சில வருடங்களாக அவருக்கு நடுக்குவாதம். டாக்டர்கள் பார்க்கின்சன் என்கிறார்கள். நடக்க முடியாது, குளிப்பாட்ட வேண்டும், பொத்தான் போட்டுவிட வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் பரிதாபப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஒருநாள் அவள் வாய் தவறி, "இன்னைக்கு அவருக்கு டான்ஸ் கிளாஸ் உண்டு" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றும் வரை. நடக்க முடியாதவருக்கு டான்ஸ். அன்றே முடிவு செய்தேன், நேரில் போய்விட வேண்டும் என்று.

முதல் நாளே பஸ் என்னை ஏமாற்றியது. எங்கள் ஊர் பஸ்ஸில் கதவு தானாக மூடும், டிரைவர் ஒருவரே எல்லாம். இங்கே வண்டி கண்டக்டரின் வாயில் இருக்கிறது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்தப் பாடத்தை நான் மறந்துபோயிருந்தேன். தக்கலையில் வண்டி நின்றதும் இறங்கி, ஒரு சாயாவும் வாழைக்காப்பமும் வாங்கினேன். ஏத்தம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பண்டம், சூடு வாயைப் பொசுக்கியது. பின்னால் இரண்டு விசில் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி என் பெட்டியோடு போய்விட்டது.

"வெளியூரா அண்ணாச்சி?" என்றார் சாயாக்கடைக்காரர். "டபுள் கேட்டப்பமே ஓடியிருக்கணும்லா. ஒண்ணும் பயப்படாதிய, பெட்டி எங்கயும் போவாது."

பயப்படாதே என்று சொல்பவர்களைத்தான் நான் முதலில் கவனிப்பேன். அடுத்த வண்டியில் நகம் கடித்தபடி போய்ச் சேர்ந்தால், அக்கா இருக்கிற குலசேகரம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பரின் மேசைக்குக் கீழே பெட்டி பத்திரமாக இருந்தது. நன்றி சொல்வதற்கு முன்னால் அதைத் திறந்து, சாக்லேட் பொட்டலங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தேன். டைம்கீப்பர் என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இல்லை.

ஊருக்குள் நுழைந்ததும் ரப்பர் ஷீட் காயும் நாற்றம். மலேசியாவில் எங்கள் கிள்ளான் பக்கமும் ஒருகாலத்தில் இந்த நாற்றம்தான். இப்போது அங்கே ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனை வைத்துவிட்டார்கள். இங்கே வேலிக்கு வேலி ஷீட்டுகள் வேட்டி காய்வதுபோலத் தொங்கின.

அக்கா மெலிந்திருந்தாள். கையில் பழைய வலு இருந்தது, முகத்தில் இல்லை. அத்தான் முன்னறை நாற்காலியில் இருந்தார். வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசியபடியே இருந்தன, டிக்கெட் கிழிப்பதுபோல. "வந்தியா மக்கா?" என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அவர் கண்டக்டராக ஓடிய கீரிப்பாறை வண்டியில் அவர் அடிக்கிற தமாஷுக்காகவே அடுத்த வண்டிக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. அந்த மனிதர் மச்சினனைப் பார்த்து முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன்கறியும். சாப்பிடும் அறைக்கு ஒரு நிலைவாசலைத் தாண்ட வேண்டும். அத்தான் தடுமாறாமல் வந்தார், வாசலில் நின்றுவிட்டார். கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன. அக்கா என்னைப் பார்த்து, "நீ போயி கை கழுவிட்டு வா சாமு" என்றாள். பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தபோது பீ, பீ என்று இரண்டு விசில் கேட்டது. திரும்பி வந்தால் அத்தான் மேசையில் உட்கார்ந்து கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு விசில் அடிச்சது?"

"ஸ்கூல்ல பிள்ளிய விளையாடுது" என்றாள் அக்கா, கறியைப் பார்த்துக்கொண்டே.

அது மே மாதம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடப்பதை வரும் வழியில் பார்த்திருந்தேன். இன்னொன்றையும் கவனித்தேன். அவள் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, ஜாக்கெட்டுக்குள் போய் மறைந்தது. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரி தாயத்துக் கட்டுவாளா? இந்த வீட்டில் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள். கறி மட்டும் ஒளிவுமறைவு இல்லாமல் நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, திற்பரப்பு அருவிக்குப் போனேன். கோடை மழை பெய்திருந்ததால் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் ஒரு மலையாளக் குடும்பம். அந்த அம்மாள் கணவரிடம் மலையாளத்தில் சொன்னது எனக்கும் புரிந்தது: "பேரன் குளித்துத் துவட்டியும் ஆயிற்று, நீங்கள் இன்னும் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்க்கிறீர்கள்." நானும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வெட்கப்பட்டு உள்ளே இறங்கினேன்.

அங்கேதான் செல்லையனைப் பார்த்தேன். பக்கவாதத்தில் இடது கை விழுந்து தேறி வருகிற மனிதர், எண்ணெய்க் குப்பியைத் திறந்து தரச் சொன்னார். எந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கண்டக்டருக்க மச்சினனா? எங்க கிளாஸ்ல அவருதான் நம்பர் ஒண்ணு. பின்னாலயே நடப்பாரு, பக்கவாட்டுல போவாரு. போன ஆழ்ச்ச மேரி அக்காவுக்கக் கையப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தினாரு பாரும், நாங்கெல்லாம் வாயப் பொளந்துட்டோம்."

பாறையில் எனக்குக் கால் வழுக்கியது.

"டான்ஸ்ன்னு வெளியில சொல்லப்பிடாது கேட்டீரா" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "சபையில வேற மாதிரி பேசுவாவ. போர்டுல மூட்டுவலி வகுப்புன்னுதான் போட்டிருக்கு."

பலகையில் ஒன்று, உள்ளே ஒன்று. என் தொழிலில் இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்காவும் அத்தானும் ஆட்டோவில் கிளம்பினார்கள். நான் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டு, பிறகு மெதுவாக நடந்து போனேன். தேவாலயத்தை ஒட்டிய சின்ன மண்டபம். சாலைப் பக்கத்து ஜன்னல்களைப் பாதி சாத்தியிருந்தார்கள். மீதிப் பாதி எனக்குப் போதும்.

உள்ளே நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. வயசாளிகளும், ஆபரேஷன் முடிந்து தேறுகிறவர்களுமாக ஒரு கூட்டம். பிந்து என்று ஒரு இளம்பெண் நடுவில் நின்றாள். பிசியோதெரபி படித்தவள், பள்ளி நாள்களில் நடனமும் ஆடியவள் என்று பிறகு தெரிந்தது. முதலில் உட்கார்ந்தபடியே தேங்காய் துருவுவதுபோல், வலை இழுப்பதுபோல் கைகளை ஆட்டினார்கள். மார்பில் ஆபரேஷன் ஆன ஒரு ஓய்வு பெற்ற டீச்சர், முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைத் தோளுக்கு மேல் தூக்கினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யாரும் கவலைப்படவில்லை. செல்லையன் நல்ல கையால் பெஞ்சில் தாளம் போட்டார், மற்றவர்கள் கைதட்டினார்கள். கடற்கரைப் பக்கத்து மேரி அக்கா, மூட்டு மாற்றிவைத்தவர், "எழும்புங்க, எழும்புங்க, திருநாளுக்குப் பேண்டு செட்டு வந்தா இப்பிடியா இருப்பிய?" என்று எல்லோரையும் கிளப்பினார்.

அத்தான் எழுந்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார். தாளத்துக்கு ஒரு கால், தாளத்துக்கு மறு கால். குறுக்கே கிடந்த கயிற்றைக் கொக்குபோலத் தூக்கித் தாண்டினார். சுற்றினார். அவருடைய கல்முகத்தில் ஒரு ஓரம் அசைந்ததுகூட எனக்குத் தெரிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், என் அக்கா குனிந்து அவருக்குச் செருப்பு மாட்டுகிறாள், முதுகு தேய்க்கிறாள், இட்லியைப் பிட்டு வைக்கிறாள். இங்கே ஆட்டம், அங்கே நாற்காலி. அவளைக் கட்டிப்போடுவதற்காகவே இந்த மனிதர் நடிக்கிறார். ஆட்டம் முடிவதற்குள் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்து, தலைவலிக்காரனாகப் படுத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அக்கா, ஒரு மாசம் இங்க ஒரு ஆள் வச்சுட்டு நீ மட்டும் வந்தா என்ன?"

"அவரு நின்னுபோனா யாரு எடுப்பா?" என்றாள்.

நின்றுபோவதற்கு அவர் என்ன பஸ்ஸா என்று நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளித்தீயல் குழம்பை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையில் அக்கா மீன் வாங்கச் சந்தைக்குப் போனாள். "அவர எழுப்பி நடத்தண்டாம் கேட்டியா. நான் வந்துருவேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டேன்.

"வாருங்க அத்தான், வெளிய காத்தாட இருக்கலாம்."

அவர் மறுக்கவில்லை. கைப்பிடியை ஊன்றி எழுந்து, மெதுவாக வந்தார். வெளிவாசலில் நின்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்துக்கொண்டேன். இது என் பழைய உத்தி. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தால் நடிப்பு தானாகக் கழன்றுவிடும். தாளின் ஓரம் வழியாக அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கால்கள் அசையவில்லை. குதிகால் மட்டும் படபடவென்று துடித்தது, முன்பாதம் தரையை விடவில்லை. அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை. வெயில் படிக்கட்டில் ஏறியது. தெருவில் ரப்பர் ஒட்டுப்பால் மூட்டை ஏற்றிய டெம்போ போனது. நான் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். எவ்வளவு நேரம்தான் நடிப்பார், பார்த்துவிடுவோம் என்று இருந்தேன்.

பிறகு வேட்டியின் முன்பக்கம் ஈரமாவதைப் பார்த்தேன். ஈரம் கணுக்கால் வரை இறங்கி, வாசற்படியில் சொட்டியது.

இத்தனை வருடத்தில் எத்தனையோ நடிப்பைப் பார்த்திருக்கிறேன். எந்த மனிதனும் மச்சினன் முன்னால் இப்படி நடிக்கமாட்டான். பத்திரிகை என் கையிலிருந்து விழுந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் வரவில்லை. இன்னும் இழுத்திருந்தால் முகம் குப்புற விழுந்திருப்பார்.

"இழுக்காத" என்றார். "டபுள் அடி மக்கா."

எனக்கு விளங்கவில்லை.

"விசிலு. ரெண்டு. அவகிட்ட இருக்கு, கழுத்துல."

கறுப்புக் கயிறு. உதட்டைக் குவித்து ஊதினேன். வாய் உலர்ந்து காற்றுதான் வந்தது. விரலை வைத்து ஊதினேன், அதுவும் காற்று. அவருடைய கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கடைசியில், பஸ்ஸில் கேட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. கதவுச் சட்டத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, கத்தினேன்.

"ரைட், போலாம்."

அவருடைய வலது கால் உயர்ந்தது. படியைத் தாண்டி வைத்தது. இடது கால் பின்னால் வந்தது. நான் தட்டிக்கொண்டே, ரைட் ரைட் என்று சொல்லிக்கொண்டே குளியலறை வரை போனேன்.

அவரைக் கழுவி, வேறு வேட்டி உடுத்திவிட்டேன். ஈர வேட்டியை அலசிக் கொடியில் போட்டேன். படியையும் கழுவினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"அவகிட்ட சொல்லாத."

"என்னத்த அத்தான்?"

"நீ பேப்பர் வாசிச்சத." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "டிக்கெட் எடுக்காம, தூங்குத மாதிரி நடிக்கவன் எத்தன பேர நான் பாத்திருக்கேன். பேப்பர் வாசிக்க மாதிரி நடிக்கவனையும் தெரியும்."

எனக்குத் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது. என்னைவிட அதிக வருடம் மனிதர்களின் முகத்தைப் படித்தவரிடம் போய் என் வித்தையைக் காட்டியிருக்கிறேன்.

"நீங்களே ஊதலாமே" என்றேன்.

"ஊதிப் பாத்தேன். ஓடல. கண்டக்டரு விசில் அடிச்சா, டிரைவரு வண்டி எடுக்கணும். ரெண்டும் ஒரே ஆளா இருக்க முடியாதுல்லா?" முகம் அசையவில்லை. ஆனால் அது தமாஷ் என்று எனக்கு இப்போது தெரிந்தது. கீரிப்பாறை வண்டியின் அதே ஆள் உள்ளேதான் இருந்தார், முகம்தான் பூட்டிக்கொண்டிருந்தது.

மறைத்ததற்குக் காரணமும் அவரே சொன்னார். "நாயக் கூப்பிடுக மாதிரி, பெஞ்சாதி விசில் அடிச்சு நடக்கேன். மச்சினன் பாக்கண்டாம்ன்னு நான்தான் சொன்னேன்."

அக்கா மீனோடு வந்தாள். கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நெத்திலியை ஆயும்போது, "நான் சொல்லிட்டுத்தானே போனேன்" என்றாள், மீனிடம் சொல்வதுபோல. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலை கிள்ளிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் வகுப்புக்கு நானும் முன்வாசல் வழியாகப் போனேன். பிந்து என்னையும் வட்டத்தில் உட்காரவைத்துவிட்டாள். தேங்காய் துருவுகிற ஆட்டத்திலேயே எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது. "அங்கிளுக்கு நோய் ஒண்ணும் இல்லியா, உறுதியாத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அத்தானின் கதையையும் சொன்னாள். முதல் நாள் மண்டப வாசலில் அவர் நின்றுபோனார். யார் இழுத்தும் வரவில்லை. அந்த நேரம் சாலையில் ஒரு பஸ்ஸில் இரட்டை விசில் அடித்தார்கள். உள்ளே நடந்து வந்துவிட்டார். "தானா நடக்கிற ரோடு அவருக்கு மறிச்சிருக்கு. தாளமோ விசிலோ கேட்டா சுத்துப்பாதையில வண்டி போவுது. அவ்வளவுதான் அங்கிள். நோய் போயிருச்சுன்னு நெனைக்கண்டாம்" என்றாள். இப்படி ஒன்று உண்டு என்று தெரியாமல் நான் எத்தனை பேருக்கு எதிராக எழுதிக் கொடுத்தேனோ என்று, ஏணியில் ஏறி ரம்புத்தான் பறித்தவரின் முகம் நினைவுக்கு வந்தது. மேரி அக்கா என் கையைப் பிடித்து இழுத்ததால், அதை அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். "ரெண்டு பேரும் வாருங்க."

அத்தானின் விரல்கள் டிக்கெட் கிழிப்பதை ஒரு நொடி நிறுத்தின. அக்கா என்னை நம்பாமல் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பார்வை எனக்கு மட்டும் வாய்த்தது என்று நினைத்திருந்தேன்.

"விமானத்துலயும் வாசல் உண்டுல்லாலே. அங்க போயி நின்னுட்டாருன்னா? பின்னால அத்தன ஆளு நிப்பாவ. அந்த வெள்ளைக்காரனுவ முன்ன நான் விசில் அடிக்கவா?"

கிளம்பும் வரை அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு சீப்பு மட்டிப்பழத்தை மட்டும் பெட்டிக்குள் திணித்தாள்.

பஸ் நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். விடைபெற்று, அவர்கள் திரும்பினார்கள். நிலையத்தின் சிமெண்டுத் தரை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் விளிம்பில் அத்தான் நின்றுபோனார். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. கூடையோடு வந்த பெண் முட்டிக்கொண்டு நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள். அக்காவின் கை கழுத்துக்குப் போனது, கயிற்றைத் தொட்டது, அங்கேயே நின்றது. அத்தனை பேர் முன்னால் எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

என் கண்டக்டர் படியில் ஏறி, பீ, பீ என்று இரட்டை விசில் கொடுத்தார்.

வண்டி நகர்ந்தது. அந்தப் பக்கம் அத்தானின் வலது காலும் உயர்ந்தது, விளிம்பைத் தாண்டியது. எங்கள் பஸ் ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கம் போனார். அக்கா திரும்பி என் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். "வாறோம்லே" என்று அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், "இந்த விசில் எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"ஒரு ஆள விமானத்துல ஏத்தணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நான் கொடுத்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.